கொசுறு

மலட்டாறு என்று பெயர் வைத்தவர்
எங்கள் கம்பெனியைப் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால் இன்னும் யோசித்திருப்பார்.

மழை வந்தால் பேரணாம்பட்டே மகிழும்,
மேனேஜர் ரகோத்தமன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.
இடி கேட்டதும் ஜபருல்லாவுக்கு போன் போகும்.
பின்பக்க வால்வு, நான்கு சுற்று.
விடிந்ததும் பாலத்தில் நின்று
ஆறு ஓடுது பாருங்கள் என்பார்கள்.

லேபில் இரண்டு நோட்டு.
பச்சை அட்டை போட்டது ஆபீசருக்கு.
அதில் குரோமியம் என்றைக்கும் 1.8.
தீபாவளிக்கும் 1.8.
கரண்ட் போய்
நான் சோதனையே செய்யாத வியாழனுக்கும் 1.8.

இன்னொன்று என் மகளின் பழைய கணக்கு நோட்டு.
பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன்:
38. 44. 29. ஒரு நாள் 61.
எதற்காக எழுதினாய் நவநீதம் என்று
விசாரணையில் கேட்டார்கள்.
தெரியவில்லை சார்.
கருவி காட்டியது, எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை
குடியாத்தம் வழி போகும் பஸ்ஸில்
மடியில் நோட்டும் ஒரு லிட்டர் பாட்டிலும்.
இளம்பச்சைத் தண்ணீர்.
ஜூஸ் என்று நினைத்துப்
பக்கத்து சீட்டுக் குழந்தை கை நீட்டியது.
சத்துவாச்சாரி வரும்வரை
முந்தானைக்குள் வைத்திருந்தேன், திருடியதைப் போல.

மனுவுக்கு எண் கொடுத்தார்கள்.
பெயர் வெளியே போகாதம்மா என்றார்கள்.
வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுமுன்
ரகோத்தமன் போனில்:
"வேலூர்ல வெயில் எப்படிம்மா?"

பதினேழு நாள் சீல்.
முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்று பேப்பரில் வந்தது.
டிரம் செக்‌ஷன் பிரகாசம்
மகளின் காதுகுத்தைத் தள்ளிவைத்தது வரவில்லை.
பதினெட்டாம் நாள் கேட் திறந்தது,
புது பெயிண்ட், அதே வால்வு.

என்னை உப்புக் குடோனுக்கு மாற்றினார்கள்.
மூட்டைகளை எண்ண வேண்டும்.
எண்ணியதை மறுநாள் மறுபடி எண்ண வேண்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரு நாள் வேண்டுமென்றே 1.8 என்று எழுதினேன்.
சிரிக்க ஆள் இல்லை.

பிறகு குற்றப்பத்திரிகை வந்தது.
கம்பெனிக்குச் சொந்தமான திரவம், ஒரு லிட்டர்,
அனுமதியின்றி வெளியே கொண்டு போனது.
ஆற்றில் ஓடுவதும் கம்பெனிக்குச் சொந்தமா என்றேன்.
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
சாட்சியாக ஜபருல்லா.
தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டான்.
மூன்று பிள்ளைகள், வீட்டு லோன்.
பேனா எழுதவில்லை, என் பேனாவைக் கொடுத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

சாலம்மா கடையில்
கத்தரிக்காய் நிறுத்தால் தராசு என் பக்கம் சாயும்.
மேலே ஒரு கொத்து கருவேப்பிலை,
நான்கு பச்சை மிளகாய்,
பேச்சு வாக்கில் பையில் விழும்.
பிரகாசம் அவள் மகன்.

இப்போது முள் நேராக நிற்கிறது.
அரை கிலோ என்றால் அரை கிலோ.
ஒரு ரூபாய் பாக்கியையும்
தேடி எடுத்துக் கையில் வைக்கிறாள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
முகத்தைத் திருப்பவில்லை, திட்டவில்லை.
கருவேப்பிலை ஐந்து ரூபாய் என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
தெரு முனைவரை அதன் வாசம் கூடவே வந்தது.

தீர்ப்பாயத்தில் கேஸ் இருக்கிறது.
வக்கீல் நல்லவர், வாய்தாதான் நீளம்.
மகள் வேறு பள்ளிக்கூடம் போகிறாள்.
நான் குடியாத்தத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
மற்றவர்களின் சர்க்கரையைச் சரியாக எழுதுகிறேன்.

நேற்றிரவு இடி.
ஜன்னலைச் சாத்த எழுந்தபோது
போன் இரண்டு முறை அடித்து நின்றது.
ஜபருல்லா.
திருப்பிக் கூப்பிடவில்லை.
அவன் பேச மாட்டான், தெரியும்.
போன மழைக்கும் இப்படித்தான்.

கணக்கு நோட்டில் இன்னும் ஆறு பக்கம் மிச்சம்.
தேதி எழுதினேன், நேரம் எழுதினேன்.
எண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சின்னக் கோடு.